பதினாலாவது கேள்வி

கீழே யாரோ இருமினார்கள். ஒருவர் மட்டும் இருமியிருந்தால், மண்டிக்குச் சாக்கு தைக்க வருகிற கிழவர் என்று சிங்கராயர் போர்வையை இழுத்துக்கொண்டு மறுபடி தூங்கியிருப்பார். இது பலபேர் இருமல். பெண் குரலும் கலந்திருந்தது. ஓசூர்க் குளிரில், விடிந்ததா இல்லையா என்று தெரியாத நேரத்தில், இத்தனை பேர் கூடி இருமுவதற்கு அப்துல் சலாம் சாயபுவின் புளி மண்டி வாசலில் காரணம் எதுவும் இருக்க முடியாது. எழுந்துபோய் மாடி ஜன்னலைத் திறந்தார்.

தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர் குந்தியிருந்தார்கள். பெண்கள்தான் அதிகம். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு மம்முட்டி, ஒரு கூடை, களி உருண்டை கட்டிய துணி. இரண்டு கடப்பாரைகளை மண்டிச் சுவரில் சாத்தியிருந்தார்கள். ஜன்னல் சத்தத்துக்கு எல்லா முகங்களும் மேலே திரும்பின. அடுத்த நிமிஷம் எல்லாரும் எழுந்து நின்றார்கள். சிங்கராயர் கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் பொருளாதார விரிவுரையாளர். மூன்று வருஷமாகத் தினமும் வகுப்புக்குள் நுழைந்துவருகிறார். இவ்வளவு முழுமையாக யாரும் அவருக்காக எழுந்து நின்றதில்லை. கடைசி பெஞ்சு எழுவதுபோல ஓர் அசைவைக் காட்டிவிட்டு, அதே அசைவிலேயே உட்கார்ந்துவிடும். அதனால் அவருக்கு முதலில் ஏற்பட்டது மகிழ்ச்சிதான். குழப்பம் பிறகு வந்தது. வந்தது போகவில்லை.

வேட்டியை இறுக்கிக்கொண்டு கீழே இறங்கினார். முன்னால் நின்றவளை அடையாளம் தெரிந்தது. ஜவளகிரிக்குப் பக்கத்தில், மைசூர் எல்லையை ஒட்டிய காட்டோரத்துக் குடிசைகளில் முந்தாநாள் அவர் கேள்வி கேட்டுவிட்டு வந்தவர்களில் ஒருத்தி. நஞ்சம்மா. நெடுநெடுவென்று, தோளில் மம்முட்டியைச் சாய்த்து நிற்கையில் பட்டாளத்துக்காரி மாதிரி இருந்தாள்.

"வந்துட்டம் சார்" என்றாள்.

"வாங்க, வாங்க" என்றார். "என்ன விஷயம்?"

"ராத்திரி கடசி பஸ்ஸுல எடம் இல்ல. தளி வரைக்கும் நடந்து, அங்கிருந்து லாரி புடிச்சு வந்தம். கோவிச்சுக்காதீங்க."

"நான் ஏன் கோவிச்சுக்கப் போறேன்?"

இதைக் கேட்டு அவர்களுக்குத் திருப்தியாக இருந்தது. நல்ல முதலாளி என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நஞ்சம்மா கேட்டாள்: "வேல எங்கீங்க சார்?"

"என்ன வேலை?"

"அத நீங்கதான சொல்லணும்."

சிங்கராயர் எப்படி இந்த வாசலில் வந்து நின்றார் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். அவர் அப்பா பொன்மலையில் ரயில்வே பிட்டர். மகன் ரசாயனம் படித்துப் பெரிய கம்பெனியில் வெள்ளைக் கோட்டு போடவேண்டும் என்பது அவர் ஆசை. திருச்சியில் கல்லூரியில் சேரப் போன அன்று ரசாயன வரிசை முடியுமுன் இடம் முடிந்துவிட்டது. மேஜையில் இருந்த பாதிரியார் நிமிர்ந்து பார்க்காமல், "அடுத்த வரிசையில் நில்லு" என்றார். அடுத்த வரிசை பொருளாதாரம். எம்.ஏ.வில் இரண்டு விருப்பப் பாடங்கள் இருந்தன. அரசாங்க நிதி பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, தொழிலாளர் பொருளாதாரம் காலை பத்து மணிக்கு. சிங்கராயருக்குச் சாப்பிட்டால் தூக்கம் வரும். இப்படியாக அவர் தொழிலாளர் சந்தை நிபுணர் ஆனார். கிருஷ்ணகிரிக் கல்லூரி புதிதாகத் திறந்தபோது அவருக்கு முன்னால் தேர்வான இரண்டு பேர் ஊர் எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். மனிதன் தன் நன்மையைச் சீர்தூக்கிப் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுக்கிறான் என்று வருஷா வருஷம் ஜூலை மாதத்தில் அவர் நடத்துவார். நடத்தும்போது சந்தேகம் எதுவும் தோன்றியதில்லை.

இப்போது ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். பட்டம் வாங்கினால் வேலை நிரந்தரமாகும். வாங்காவிட்டால் ஜூன் மாதம் வேறு யாராவது அந்த நாற்காலியில் இருக்கலாம். வழிகாட்டும் பேராசிரியர் சென்னையில் இருந்தார். அவர் முடிவை முன்னாலேயே சொல்லியிருந்தார்: கூலி எங்கே அதிகமோ உழைப்பு அங்கே போகும். நீ செய்யவேண்டியது ஒன்றுதான், போய் அதைக் கண்டுபிடித்துக்கொண்டு வா. ஓசூர்ப் பக்கத்து ஜனம் ஐப்பசி, கார்த்திகையில் கூட்டம் கூட்டமாக மைசூர் ராஜ்யத்துக்குள் போய்க் குடகில் காப்பிக் கொட்டை பறிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் தீபாவளி விடுமுறையில் சிங்கராயர் இங்கே வந்தார். தங்க இடம் ஏற்பாடு செய்தது மெஹபூப் பாஷா. அதே கல்லூரியில் வணிகவியல் விரிவுரையாளர். மண்டிக்காரர் அவருக்குத் தாய்மாமன். பாஷா இடத்தோடு ஒரு யோசனையும் கொடுத்தார்.

"வெறுங்கைய வீசிக்கினு போயி கேள்வி கேட்டா அந்தப் பக்கத்து ஜனம் வாயத் தொறக்காது சார். வெத்தல பாக்கு வாங்கிக்கினு போங்க. ரெண்டு கையால மரியாதயா குடுங்க. அப்புறம் பாருங்க."

பாஷா சொன்னபடியே நடந்தது. அதுதான் சங்கடம். முதல் பதிமூன்று கேள்விக்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. அவர் தமிழில் கேட்டார். அவர்கள் தங்களுக்குள் கன்னடத்தில் பேசித் தெலுங்கில் சந்தேகம் தீர்த்துக்கொண்டு, தமிழில் "தெரியாதுங்க" என்றார்கள். பதினாலாவது கேள்வி இது: எவ்வளவு கூலி கிடைத்தால் நீங்கள் குடகுக்குப் போகாமல் உள்ளூரிலேயே வேலை செய்வீர்கள்? அதைக் கேட்டதும் நஞ்சம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். திரும்பக் கேட்கச் சொன்னாள். திரும்பக் கேட்டார். யோசித்துவிட்டு, குடகில் கொடுப்பதில் பாதி கொடுத்தாலே போதும் என்றாள். சிங்கராயருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேராசிரியருக்கு இது பிடிக்காதே என்று நினைத்தாலும், பதில் பதில்தான் என்று, "சரி" சொல்லி எழுதிக்கொண்டார். எழுதியபிறகு வெற்றிலை பாக்கை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். நஞ்சம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். வாங்கிக்கொண்டே பக்கத்துக் குடிசைகளைக் கூப்பிட்டாள். அரைமணி நேரத்தில் எல்லாரும் அதே பாதிக்கூலியைச் சொன்னார்கள், எல்லாருக்கும் சரி என்றார், எல்லாருக்கும் வெற்றிலை. கடைசியில், "எங்கீங்க வரணும்?" என்று ஒருவர் கேட்டதற்கு, தன் இருப்பிடத்தைக் கேட்கிறார்கள் என்று ஓசூர்ப் புளி மண்டியைச் சொன்னார். நல்ல ஒத்துழைப்பு என்று அன்று இரவு பாஷாவுக்குக் கார்டு எழுதிப் போட்டார்.

முந்தாநாள் நடந்ததைச் சிங்கராயர் சொல்ல, வாசலில் நின்று கேட்ட அப்துல் சலாம் சாயபு கையில் இருந்த டீ டம்ளரைத் திண்டில் வைத்தார்.

"வெத்தல குடுத்தீங்களா? ரெண்டு கையாலயா?"

"ஆமாம்."

"கூலி பேசி முடிச்சிட்டு?"

"பேசலை. கேட்டேன்."

"அவங்க சொன்னாங்க, நீங்க சரின்னீங்க. அரே புரபசர் சாப், இதுக்கு மேல இன்னா பேச்சு? இந்தப் பக்கம் மேஸ்திரிங்க ஆளு புடிக்கறதே இப்படித்தான். கூலி சொல்லி, வெத்தல குடுத்து, வாங்கிட்டா முடிஞ்சுது. சீசன் முடியற வரைக்கும் அவன் ஆளு. வேற எடத்துக்குப் போவணும்னா முதல் மேஸ்திரி வெத்தலய திருப்பிக் குடுக்கணும்."

சிங்கராயர் நஞ்சம்மாவைப் பார்த்தார்.

"ராமப்பன் மேஸ்திரி வெத்தலய நேத்தே குடுத்துட்டம் சார்" என்றாள் அவள். "எல்லாருமே குடுத்துட்டம். ரொம்ப ஏசினாரு. நாங்க வாயே தொறக்கல."

"நான் சும்மாதாம்மா கேட்டேன்."

இந்த வாக்கியத்தை அவர்கள் புரிந்துகொள்ள முயன்றார்கள். ஒருவர் அதைக் கன்னடத்தில் சொன்னார். கன்னடத்திலும் அது விளங்கவில்லை.

"சும்மான்னா?" என்றாள் நஞ்சம்மா. "எவ்ளோ குடுத்தா வருவேன்னு குடுக்காதவன் எதுக்கு சார் கேக்கப் போறான்? பொண்ணு கேட்டு வர்றவன் சும்மா கேட்டேன்னு சொல்வானா? ஓசூருகிட்ட சங்கிலி புடிச்சு நெலம் அளந்தாங்க, பாக்டரி வருதுன்னாங்க. நீங்க பேண்ட்டு போட்டுக்கினு வந்தீங்க. கூலி கேட்டீங்க. எழுதிக்கினீங்க. வெத்தல குடுத்தீங்க. இதுல எது சும்மா?"

எது சும்மா என்று சிங்கராயர் யோசித்துப் பார்த்தார். பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கணக்கான பேர் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டு அட்டவணை போட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் சொன்னவர்கள் மூன்றாம் நாள் மம்முட்டியோடு வந்ததாக எந்த அடிக்குறிப்பிலும் இல்லை.

பதினோரு பேருக்குக் கூலி கொடுக்க அவர் சம்பளம் ஒரு வாரம் தாங்காது. ராமப்பனின் லாரி மறுநாள் காலை குடகுக்குக் கிளம்புகிறது. அது போய்விட்டால் தை மாசம் வரைக்கும் இந்தப் பதினோரு வீட்டிலும் அடுப்பு எரிவது சந்தேகம். இது மட்டும் அவருக்குத் தெளிவாகப் புரிந்தது. மேல்சட்டையை மாட்டிக்கொண்டு மேஸ்திரியைத் தேடிப் புறப்பட்டார். பின்னாலேயே பதினோரு பேரும் மம்முட்டிகளோடு வந்தார்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் போலீஸ்காரர் ஒருவர் அந்த ஊர்வலத்தைப் பார்த்து, எந்தக் கட்சி என்று கேட்டார்.

ராமப்பன் டீக்கடை பெஞ்சில் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் பச்சைச் சால்வையுமாக உட்கார்ந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்தார். அதன் முன்னால் நின்ற சிங்கராயரைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை, நகர்ந்து இடம் விட்டார்.

"ஏமி சார், புது மேஸ்திரி நீங்கதானா? எந்த எஸ்டேட்டு?"

"எஸ்டேட் எதுவும் இல்லை. நான் காலேஜ் வாத்தியார்."

"வாத்தியார் வேலயும் பாக்கறீங்க, மேஸ்திரி வேலயும் பாக்கறீங்க. நல்லதுதான். சம்பளம் பத்தல போல."

"ஆராய்ச்சிக்காகக் கூலி விவரம் கேட்டேன். அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க."

"கேட்டு?"

"எழுதுவேன்."

"எழுதி?"

"புத்தகமாக்கி மெட்ராஸில் கொடுப்பேன்."

"மெட்ராஸுல யாருக்கு ஆளு வேணும்?"

"யாருக்கும் வேண்டாம். படிச்சுப் பார்ப்பாங்க."

ராமப்பன் டீயை ஒரு வாய் குடித்தார். முப்பது வருஷத் தொழிலில் அவர் எத்தனையோ போட்டி மேஸ்திரிகளைப் பார்த்திருக்கிறார். பொய் சொல்கிறவர்கள் இதைவிட நம்பும்படியாகச் சொல்வார்கள். இவர் உண்மையைத்தான் சொல்கிறார் என்ற முடிவுக்கு அவர் வந்தது அதனால்தான் இருக்கவேண்டும். குரல் இறங்கியது.

"பாருங்க சார். பாதிக்கூலிக்கு என் ஆளுங்களத் தட்டிக்கினு போனவரு நீங்க ஒருத்தர்தான். அதிகம் குடுத்துத் தட்டினவன் உண்டு. கொறச்சுத் தட்டினவன் இல்ல. எப்படி முடிஞ்சுது உங்களால?"

இதுதான் தன் ஆராய்ச்சியின் கேள்வி என்று சிங்கராயருக்குப் பட்டது. ராமப்பன் மேலே பேசினார்.

"கூட்டிக்கினு போறேன். ஆனா முறை இருக்குது. உங்க வெத்தலய இங்க, என் கண்ணு முன்னால உங்க கையில திருப்பிக் குடுக்கணும். அப்புறம் நான் குடுப்பேன். ஒண்ணு சொல்லிடறேன், இப்ப நின்னுட்டவங்களுக்கு என் லாரியில இனிமே எடம் இல்ல. இந்த வருசம் மட்டும் இல்ல. எப்பவுமே. ஒருத்தருக்கு விட்டா அடுத்த வருசம் எல்லாரும் வாத்தியாரு வருவாருன்னு உக்காந்துக்குவாங்க."

ஒவ்வொருவராக வந்தார்கள். மடியிலிருந்தும் முந்தானை முடிச்சிலிருந்தும் வாடிப்போன வெற்றிலைகள் வெளியே வந்தன. சிங்கராயர் கல்யாண வீட்டில் மொய் வாங்குகிறவர் மாதிரி இரண்டு கையையும் நீட்டி நின்றார். ஒரு கிழவர் கொடுக்கும்போது, "மனசுல வெச்சுக்காதீங்க சார், உங்க வேலயும் நல்ல வேலதான்" என்று ஆறுதல் சொன்னார். பத்துப் பேர் கொடுத்துவிட்டு மேஸ்திரி பக்கம் போய் நின்றார்கள். நஞ்சம்மா இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"நான் தின்னுட்டேன்" என்றாள்.

"பரவால்ல. கடையில வேற வெத்தல வாங்கிக் குடு" என்றார் ராமப்பன்.

"எதுக்கு? எனக்கு வேல இருக்குதே."

"எங்க இருக்குது?"

நஞ்சம்மா சிங்கராயரைக் காட்டினாள்.

சிங்கராயர் அவளைத் தனியாக அழைத்துப்போனார். பேருந்துகள் திரும்புகிற இடத்தில், டீசல் புகையில் நின்று அவளுக்கு விளக்கினார். தன்னிடம் வேலையே கிடையாது என்றார். நிலம் இல்லை, பாக்டரி இல்லை, கிணறு இல்லை. நாலு நாளில் கல்லூரி திறந்தால் தான் கிருஷ்ணகிரிக்குப் போய்விடுவேன். மேஸ்திரி சொன்னது காதில் விழுந்ததா, இனி எந்த வருஷமும் லாரி கிடையாது. அவர் வகுப்பில்கூட இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

நஞ்சம்மா முழுக்கக் கேட்டாள்.

"எம் பொண்ணு கெம்பம்மா முழுகாம இருக்கறா சார். இன்னும் பதினஞ்சு நாளோ இருவது நாளோ. போன வருசமும் இருந்தா. நான் கொடகுல இருந்தேன். கொழந்த பொறந்த சேதியும் போன சேதியும் ஒண்ணாத்தான் வந்து சேந்துது. ஒரே ஆளு வந்து சொன்னான். முதல்ல எத சொல்றதுன்னு அவனுக்கே தெரியல." மம்முட்டியைத் தோள் மாற்றிக்கொண்டாள். "நீங்க எவ்ளோ குடுத்தா இங்கயே இருப்பேன்னு கேட்டீங்க. அத யாருமே கேட்டதில்ல. சரி, கேட்டுட்டீங்க, சொல்லிட்டேன். வேலய சொல்லுங்க."

"பணம் தந்துடறேன்மா. பிரசவம் ஆகிற வரைக்கும். வேலை எதுவும் வேண்டாம்."

அவள் முகம் மாறியது. "சும்மா வாங்கறதுக்கா மம்முட்டி தூக்கிக்கினு இருவது மைலு வந்தேன்? ஊருல இன்னா பேசுவாங்க? வாத்தியாரு எதுக்குக் காசு குடுத்தாருன்னு கேட்டா நான் இன்னா சொல்ல?"

அதைப் பற்றி சிங்கராயர் யோசித்திருக்கவில்லை. யோசித்ததும் காது சூடாகிவிட்டது. ஊரில் என்ன பேசுவார்கள் என்பது ஒருபுறம் இருக்க, கிருஷ்ணகிரியில் பாஷா என்ன பேசுவார் என்பது தெளிவாகவே காதில் விழுந்தது.

மறுநாள் காலை லாரி கிளம்பியது. தார்ப்பாய்க்குக் கீழே பத்துப் பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நஞ்சம்மா வரவில்லை. கடைசிவரை ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் மேஸ்திரி வேறொரு பெண்ணை ஏற்றினார். லாரி அத்திப்பள்ளிப் பக்கம் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, சிங்கராயர் ஜவளகிரி பஸ்ஸில் ஏறினார். வழியெல்லாம் அட்டவணையைப் பற்றி நினைத்துக்கொண்டு போனார். நஞ்சம்மாவை எந்தக் கட்டத்தில் போடுவது? வேலையில் இருப்பவளா, இல்லாதவளா? வேலையில் இருக்கிறாள் என்றால் அவளுக்கு முதலாளி ஆராய்ச்சியாளரே. அப்படி ஒரு கட்டம் அட்டவணையில் இல்லை. பேராசிரியரிடம் கேட்டால் ஒருத்தியை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது, விட்டுவிடு என்பார். ஒருத்திதானே? விட்டுவிட்டால் மற்ற பத்தும் சரியாகவே போயிருக்கிறது, அதிகக் கூலிக்கு. ஆய்வுரை ஒழுங்காக முடியும், நாற்காலி நிரந்தரமாகும். பஸ் தளியைத் தாண்டும்வரை இந்த யோசனை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. அப்புறம் ஏனோ பிடிக்காமல் போனது. பஸ் குலுக்கலாகவும் இருக்கலாம்.

என்ன வேலை கொடுப்பது என்பதற்குத் தெரிந்த பொருளாதாரம் முழுக்க அலசியதில் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. வேலை இல்லாத் திண்டாட்டம் முற்றிப்போனால் அரசாங்கம் ஆட்களை வைத்துக் குழி தோண்டச் சொல்லலாம், பிறகு மூடச் சொல்லலாம். அதுகூட நாட்டுக்கு நன்மைதான் என்று ஒரு கருத்து உண்டு. போன பருவத்தில் அதை நடத்தியபோது வகுப்பே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு எப்போதாவதுதான் வரும் பாடம் என்பதால் அந்த இடத்தில் வழக்கமாகவே கொஞ்சம் நிறுத்துவார்.

"ஒரு குழி தோண்டணும்" என்றார் நஞ்சம்மாவிடம்.

நஞ்சம்மா சிரிக்கவில்லை. "எங்க?"

குடிசைக்குப் பின்னால் சின்னப் புறம்போக்குத் துண்டு இருந்தது. ஒரு புளிய மரம், கொஞ்சம் கள்ளி. அதைக் காட்டினார்.

"எவ்ளோ நீளம், அகலம்?"

கையை விரித்து ஏதோ காட்டினார். அவள் அதைக் குச்சியால் மண்ணில் அப்படியே கீறிக்கொண்டாள். கெம்பம்மா குடிசை வாசல்படியில், வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தபடி இருந்தாள். சின்னப் பெண். பதினெட்டு இருந்தால் அதிகம். அவரைக் கண்டு எழ முயன்றாள்; வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"ஆழம்?" என்றாள் நஞ்சம்மா.

ஆழத்தைப் பற்றிப் பாடத்தில் எதுவும் இல்லை. "தோண்டிட்டே இருங்க. சனிக்கிழமை வந்து சொல்றேன்" என்றார். கூலியை வாரத்துக்கு ஒருமுறை புளி ஏற்ற வருகிற மண்டி வண்டியில் கொடுத்தனுப்ப ஏற்பாடாயிற்று. "குடுத்தனுப்பறேன் புரபசர் சாப்" என்றார் அப்துல் சலாம் சாயபு. "எதுக்குன்னு வண்டிக்காரன் கேட்டா இன்னா சொல்லணும்?" சிங்கராயர், ஆராய்ச்சி என்று சொல்லச் சொன்னார்.

கல்லூரி திறந்தது. பாஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். "அப்படீங்களா? அந்த வழக்கம் எனக்குத் தெரியாதே சார்" என்றார் பாஷா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. முகம் ஏன் திரும்பியது என்று தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க வகுப்பில் சிங்கராயர் மூன்று முறை ஒரே பாடத்தை நடத்தினார். மாணவர்கள் மூன்று முறையும் குறிப்பெடுத்தார்கள்.

சனிக்கிழமை பகலில் போய் இறங்கியபோது குடிசைக்குப் பின்னால் ஒரு கூட்டமே நின்றிருந்தது. செம்மண் மேடு ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தது. அவரைக் கண்டதும் வழி விட்டார்கள்.

"கெணறுதான சார்?" என்றார் ஒருவர்.

"பாக்டரிக்குக் கம்பம் நடறதுக்கு" என்றார் இன்னொருவர், அவருக்குப் பதிலாக. "இல்லாட்டி இங்க வந்து எதுக்குத் தோண்டறாங்க? எங்க கொல்லையிலயும் எடம் இருக்குது சார், வந்து பாருங்க."

வழியில் வந்த காட்டிலாகா கார்டு ஒருவர், இதற்கு உத்தரவு இருக்கிறதா என்று கேட்டார். மைசூர்க்காரன் தோண்டினால் தடுக்கவேண்டும், மெட்ராஸ்காரன் தோண்டினால் எழுதி அனுப்பவேண்டும், நீங்கள் யார் என்றார். சிங்கராயர் தான் யார் என்பதைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

நஞ்சம்மா தலைக்கு மேல் இரண்டடி ஆழம் போன குழிக்குள் நின்றிருந்தாள். தலையில் சும்மாடு துணி, புருவம்வரை செம்மண். பக்கங்கள் செங்குத்தாக, சுவர் வைத்த மாதிரி அறுத்திருந்தாள். இவ்வளவு ஒழுங்கான குழியை அவர் பார்த்ததில்லை. தான் காட்டிய அரைகுறைக் கையளவை அவள் நாலு மூலையும் பிசகாமல் பூமிக்குள் இறக்கியிருந்தாள். கயிறு கட்டிய கூடையில் மண்ணை மேலே இழுத்துக் கொட்டப் பக்கத்துக் குடிசைக்காரி வந்துபோவாளாம். மேல்விளிம்பில் கெம்பம்மா, காலை உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். வெயிலுக்கு அம்மாவின் பழைய சேலையைத் தலைமேல் போட்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா சார்" என்றாள் நஞ்சம்மா கீழேயிருந்து. "ரெண்டு நாளா பாறக்கல்லு தட்டுது. ஒடச்சுக்கினே போறேன். போதுமா, இன்னும் போவணுமா?"

கூட்டம் அவர் வாயைப் பார்த்தது. போதும் என்றால் வேலை முடிந்தது. வேலை முடிந்தால் கூலி முடிந்தது. குழந்தை இன்னும் வரவில்லை. மூடச் சொல்லலாம். ஆனால் இந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு, இவ்வளவு ஜனம் நிற்கையில், இதை மூடு என்று எந்த வாயால் சொல்வது? அவள் ஏன் என்று கேட்பாள். கேட்டால் பதில் ஒரு புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பதிலை அவளிடம் சொல்ல முடியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போகணும் என்றால் எதுவரைக்கும்?

"கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

கெம்பம்மா "அம்மா" என்றாள். கத்தவில்லை. யாரோ தோளைத் தட்டிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதுபோலச் சொன்னாள். இரண்டு கையும் விளிம்பு மண்ணைப் பற்றியிருந்தன.

"வலிக்குதா?" நஞ்சம்மா மம்முட்டியைப் போட்டாள்.

"தெரியல."

"அடியில இழுக்குதா, முதுகுலயா?"

"தெரியலம்மா. காலு மரத்துப்போச்சோ என்னமோ."

பக்கத்துக் குடிசைக்காரி கெம்பம்மாவின் தோளைப் பிடித்துப் பின்னால் சாய்த்தாள். ஆண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கார்டு தொப்பியைக் கழற்றினார். நஞ்சம்மா சுவரில் வெட்டி வைத்திருந்த படியில் கால் வைத்தாள். அவசரத்தில் மண் பெயர்ந்து படி உள்ளே சரிந்தது. விளிம்பைப் பிடித்து எம்பினாள். விளிம்பும் பெயர்ந்தது. மகளின் பாதம் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தொங்கியது. அதை ஒரு கையால் தொட்டுக்கொண்டே மறு கையை மேலே நீட்டினாள்.

"சார், கைய குடுங்க."

சிங்கராயர் மண்டியிட்டார். கையை நீட்டினார். ஈரச் செம்மண் பூசிய விரல்கள் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன. அவள் கனமாக இருந்தாள். அவர் பின்னால் சாய்ந்து இழுத்தார்; அவர் முழங்காலுக்குக் கீழே மண் மெல்ல நெகிழ்ந்து, பொடிப்பொடியாகக் குழிக்குள் உதிர்ந்துகொண்டே இருந்தது.